கீழ்வரிசை, இடது மூலை

நாற்பத்து மூன்று சதவீதம் என்று சொல்லிக்கொண்டே
செத்துப்போகும் என் போன்.
உலான்பாத்தரில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
கரிப்புகைக்குள் முன்னால் நிற்கும் பிரியஸின்
பின்விளக்கு மட்டும் தெரிகிறது.
அதற்கு முன்னாலும் ஒரு பிரியஸ்தான்.
என்னுடையதும் அதுதான், பழசு,
ஆனால் எந்தக் குளிரிலும் கிளம்பிவிடும்.

நேற்று ஏறினவர் மல்யுத்தக்காரர் மாதிரி இருந்தார்.
இறங்கும்போது, பணம் அனுப்பிவிட்டேன் என்றார்.
வந்ததா என்று பார்க்க
என் கையில் இருந்தது ஒரு கறுப்புக் கண்ணாடி.
"கொடுங்கள்" என்று வாங்கி
டேல் அங்கியின் மடிப்பைத் திறந்து
வெறும் வயிற்றில் வைத்து மூடிக்கொண்டார்.
ஐந்து நிமிடம்.
அடைகாக்கிற மனிதரிடம் என்ன பேசுவது?
உள்ளேயிருந்து டிங் என்றது.
எட்டாயிரத்து ஐந்நூறு துக்ரிக்.
"ஆண் குழந்தை" என்று கையில் கொடுத்துவிட்டு
புகைக்குள் போய்விட்டார்.

போதும் என்று இன்று கடைக்கு வந்தேன்.
சட்டையில் மிஷீல் என்று பெயர் குத்திய பெண்
என் போனை நகத்தால் தட்டிப் பார்க்கிறாள்.
விரிசல், அதற்குக் கழிக்கணும்.
பேட்டரி உப்பியிருக்கு, அதற்கும் கழிக்கணும்.
கழித்துக் கழித்து
"அறுபதாயிரம் தரலாம், செரென்நாத்மித் அக்கா."
மீதிக்குப் பதினெட்டு மாதத் தவணை.
என் மனசு மீட்டரைப் போட்டுவிட்டது:
மாதம் பதினாறு சவாரி
அடுத்த வருஷம் ஜூலை வரைக்கும்
இந்தச் சதுரத்துக்காக ஓட்டவேண்டும்.
அது முன்னால் உட்கார்ந்து
எனக்கே வழி சொல்லும்.

ஒரு குறையை மட்டும் மிஷீல் கண்டுபிடிக்கவில்லை.
ஐஸில் விழுந்த நாளிலிருந்து
கீழ்வரிசை இடது மூலை தொட்டால் உணராது.
மூன்று எழுத்து அங்கே.
ஒன்று எப்போதாவதுதான் வேண்டியிருக்கும், போகட்டும்.
மற்ற இரண்டில்
ஒன்று இல்லாமல் எங்கள் மொழியில் 'நன்றி' எழுத முடியாது.
இன்னொன்று இல்லாமல் 'நீ' எழுத முடியாது.

பூசானில் மீன் பொட்டலம் கட்டும் என் தங்கை ஹுலானுக்கு
இரண்டு வருஷமாக இப்படித்தான் போகிறது:
பணம் வந்தது. சரி.
இங்கே குளிர்.
கடன் முடிந்தது.
அக்கா, என்மேல் கோபமா என்று போன இலையுதிர்காலத்தில் கேட்டாள்.
இல்லை என்று எழுதினேன்.
'இல்லை'க்கு எல்லா எழுத்தும் உயிரோடு இருக்கின்றன.

கூப்பிட்டுச் சொல்லலாமே என்பீர்கள்.
கூப்பிட்டால் நான் வாடகையைப் பற்றிப் பேசுவேன்,
அவள் அரிசி விலையைப் பற்றி.
வாயில் எனக்கு எந்த மூலை செத்திருக்கிறதோ,
அதைப் பழுதுபார்க்கிற கடை இந்தத் தெருவில் இல்லை.

மிஷீல் படிவம் எடுக்கப் போயிருக்கிறாள்.
மேசையில் சங்கிலி போட்ட காட்சிப் போன்கள்.
ஒன்றை எடுத்தேன். கீழ்வரிசை, இடது மூலை.
தொட்டதும் வந்தது.
திரும்பத் தொட்டேன், திரும்ப வந்தது.
இவ்வளவு சுலபமா என்று கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.
எழுதினேன்:
நீ இல்லாவிட்டால் காரை வங்கி கொண்டுபோயிருக்கும்.
நன்றி.
நீ சாப்பிடுகிறாயா நேரத்துக்கு?

அதில் சிம் இல்லை. அனுப்ப வழியில்லை.
என் விரிசல் போனை எடுத்து
அந்தத் திரையைப் படம் பிடித்து
படத்தை ஹுலானுக்கு அனுப்பினேன்.
படிவம் வந்தது. "நாளைக்கு" என்றேன்.
மிஷீல் முகம் சுளிக்கவில்லை, பழகியவள்.

காரை எட்டுவதற்குள் பதில்.
புது போன் வாங்கிட்டியா? எவ்வளவு?
அடுத்த வரி:
ஏன் அக்கா, உடம்புக்கு ஏதாவதா?
இல்லை என்று தட்டத் தொடங்கினேன்.
நாற்பத்தொரு சதவீதம்,
கறுப்பு.

கோட்டுப் பொத்தான் மூன்றைக் கழற்றி
உள்ளே வைத்துக்கொண்டேன்.
ஐயோ, ஐஸ்.
நேற்று அந்த மனிதர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே
இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று.